பாரம் ஆடும்போது

ஏணியில் கால் வைக்குமுன் தாமெலி வலது கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொள்கிறார். புறங்கையால் முதல் படியைத் தொட்டுப் பார்க்கிறார், அடுப்பில் ஏற்றிய சட்டி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல. இரும்பு தோலைப் பிடித்துக்கொண்டால் ஏறலாம். வழுக்கினால் பனி படலமாகக் கட்டியிருக்கிறது என்று பொருள். கீழே நிற்கும் தூய்சென் உப்பு வாளியோடு வந்து தூவும்வரை ஒரு படிகூட ஏற மாட்டார். யார் கத்தினாலும் சரி. பிறகு உப்புத் தயிர் உருண்டை ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். அந்தக் குர்த் உருண்டை கரைவதற்கும் மதியச் சங்கு ஊதுவதற்கும் சரியாக இருக்கும்.

வயது ஐம்பத்திரண்டு. குட்டையான, தோள் அகன்ற உடம்பு. கரகண்டா நகரத்தின் ஓரத்தில், அடுக்குமாடிகளுக்கான கான்கிரீட் பலகைகளை வார்த்து அனுப்பும் ஆலை எங்களுடையது. அதன் திறந்த முற்றத்தில், தண்டவாளத்தின்மேல் நாலு காலில் நிற்கிற கிரேன் தாமெலியுடையது. ஆலையின் எந்த ஏட்டிலும் அப்படி எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர் விடுப்பில் போகும் வாரத்தில் ஏறுகிற ஆள், இறங்கும்போது இருக்கையைத் துடைத்துவிட்டு இறங்குகிறான்.

கிரேன் உச்சியில் அவர் உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு குடும்பமே நடக்கிறது. பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலில் வெங்காயத்தாள் முளைத்து நிற்கும். பால் விட்ட உப்புத் தேநீர் ஒரு தெர்மோஸில். பழைய கம்பளிப் பூட்ஸைப் பிரித்துத் தைத்த மெத்தை. ஓரத்தில் நீளமான நூலில் கட்டிய துணிப்பை. பத்து மணிக்கு அந்தப் பை, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளான பவுர்சாக்குகளோடு, தூய்செனின் தலைக்கு நேராக இறங்கும். தூய்சென் கீழே நின்று பலகைகளில் கம்பிவடத்தை மாட்டிவிடுகிறவர். அவர் மாட்டி, கையைத் தூக்கினால், தாமெலி மணியை ஒருமுறை அடித்துவிட்டுத் தூக்குவார். மணி என்றால் "எனக்குப் புரிந்தது, விலகி நில்லுங்கள்" என்று அர்த்தம்.

இத்தனை வருடம் மேலிருந்தே பார்த்ததில் அவருக்கு ஒரு விசித்திரம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆட்களை உச்சந்தலையாலும் நடையாலும்தான் அடையாளம் தெரியும். சந்தையில் எதிரே நின்று சிரித்தால் ஒரு கணம் திகைப்பார். "கொஞ்சம் குனி" என்பார். குனிந்தால், "அட, லேப்காரரா" என்று கையைப் பிடித்துக்கொள்வார். ஆலையின் ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்ப்பது என் வேலை. என் தலையில் ஒரு தழும்பு இருப்பது அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

கோபக்காரர்களிடம் அவர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "பொறு, பாரம் ஆடுது." தூக்கிய பலகை காற்றில் ஊசலாடினால் கிரேனை நகர்த்தக் கூடாது. கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எதிர்ப்பக்கம் இழுத்தால் இன்னும் ஆடும். இதையே வீட்டிலும் சொல்வார், கடையிலும் சொல்வார். கணவர் ஓராஸ் பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சமையல் அவர்தான். அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே மாவு பிசைகிற அவரைப் பார்த்தும் இதே வாக்கியம்தான். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓராஸின் சகோதரிகள் முப்பது வருடம் இதைப் பற்றிப் பேசிப் பார்த்துவிட்டுக் களைத்துப்போனார்கள். ஞாயிறன்று இவர்கள் வீட்டுச் சன்னலில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

சென்ற ஜனவரியில் ஒரு காலை, தூய்சென் மாட்டிய வடத்தில் இழைகள் பிரிந்து முள்ளாக நிற்பதை மேலிருந்தே தாமெலி பார்த்துவிட்டார். பலகையைத் தூக்க மறுத்தார். லாரிகள் வரிசையில் நின்றன. முற்றத்துக்குப் பொறுப்பாளர் செய்த்கலி வாக்கிடாக்கியை எடுத்தார். எல்லாருடைய மார்பிலும் ஒரு வாக்கிடாக்கி தொங்கும், ஒருவர் பேசினால் முற்றம் முழுவதும் கேட்கும். அவர் சொன்னது இதுதான்: "மேல உக்காந்திருக்கிற அந்த வறண்ட மண்டைக்கு யாராவது புரிய வைங்கப்பா. பெத்து வளத்திருந்தாத்தானே பொறுப்புன்னா என்னன்னு தெரியும்."

வறண்ட மண்டை. எங்கள் புல்வெளி நாட்டில் பிள்ளையில்லாதவரைச் சொல்லும் சொல். சாராயக் கடையில் அடித்துக்கொள்கிறவர்கள்கூட இந்தச் சொல்லின் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கேட்டவர் ஒருவரும் நிமிரவில்லை என்று தாமெலி வீட்டில் சொன்னதாகப் பிறகு ஓராஸ் என்னிடம் சொன்னார். எல்லா ஹெல்மெட்டுகளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றன. மேலிருந்து பார்க்கிறவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

தாமெலி பதிலுக்குத் திட்டவில்லை. "கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னார். அது வாக்கிடாக்கி விதி. யார் எது சொன்னாலும் கேட்டதற்கு ஒப்புதல் சொல்ல வேண்டும். பிறகு தூய்சென் வேறு வடம் கொண்டுவந்து மாட்டினார். மணி அடித்தது. வேலை நடந்தது.

ஆண்டவன் கொடுக்கவில்லை என்று சிலர் ஆறுதல் சொல்ல வந்தார்கள். இதில் ஆண்டவனுக்கு என்ன வேலை? அறுந்துபோகிற வடத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றிப் பேசியது ஒரு மேலதிகாரி. சம்பளம் கொடுத்தால் ஆளின் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைக்கும் வியாதி இது. அந்த நினைப்பு கான்கிரீட் ஆலையில் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில், மருத்துவமனையில், பத்திரிகை அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்திருக்கும் எல்லா இடத்திலும் இருக்கிறது. திட்டு வாங்குவதும் வேலையில் ஒரு பகுதிதானே என்று திட்டு வாங்கியவர்களே சொல்லும்போது அந்த வியாதி முற்றிவிட்டது என்று அறியலாம்.

விடுமுறை நாளில் தாமெலி தொழிற்சங்கக் கட்டடத்துக்குப் போய் லாரிஸா ஹேகாயைப் பார்த்தார். லாரிஸா கொரிய வம்சத்துப் பெண், வழக்கறிஞர். சனிக்கிழமைகளில் தொழிலாளர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்பவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் வழிகளைச் சொன்னார்.

அவமதிப்பு எங்கள் சட்டப்படி குற்றம்தான். ஆனால் போலீஸ் அதைத் தேடி அலையாது. அவமதிக்கப்பட்டவரே நேராக நீதிமன்றத்துக்குப் போய் மனுக் கொடுக்க வேண்டும், சாட்சியையும் தானே கொண்டு வர வேண்டும். அந்தச் சொல் நாகரிகமற்ற முறையில் சொல்லப்பட்டதா என்பதை மொழி நிபுணர் ஒருவர் ஆராய்ந்து சொல்வார். மனவேதனைக்கு ஈடு கேட்டுத் தனி வழக்கும் போடலாம். வடத்தைப் பற்றித் தொழில் ஆய்வாளருக்கு எழுதலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஆலைக்குள்ளேயே ஒரு சமரசக் குழு உண்டு. நிர்வாகத்தின் ஆட்களும் தொழிலாளர்களின் ஆட்களும் சம எண்ணிக்கையில் உட்கார்வார்கள். ஆபத்தான பாரத்தைத் தூக்க மறுப்பது உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக அவமதித்தார் என்று அங்கே முறையிடலாம். அவர்கள் முடிவு பிடிக்காவிட்டால் அதன்பிறகு நீதிமன்றம்.

"நிபுணர் என்ன சொல்வாரு?" என்று தாமெலி கேட்டார்.

"அதுல கெட்ட வார்த்தை எதுவும் இல்லையேன்னு சொன்னாலும் சொல்வாரு. வறண்டதுங்கிறது வசவு இல்ல. மண்டைங்கிறதும் வசவு இல்ல."

"ரெண்டையும் சேத்து என்கிட்ட சொன்னா?"

லாரிஸா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நிபுணருக்கும் தெரியும். தெரியும்னு எழுதுவாரான்னுதான் தெரியல. சரி, உங்களுக்கு என்ன வேணும் அக்கா? அவர் வேலை போகணுமா? பணம் வேணுமா?"

"ரேடியோவுல சொன்னாரு. ரேடியோவுலயே திரும்ப எடுக்கணும். அதே ஷிஃப்ட் கேக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அது என்ன சின்ன பாரமா?" என்றாராம் தாமெலி.

முறையீடு ஆலையின் சமரசக் குழுவுக்குப் போனது. அப்போதுதான் எல்லாருக்கும் காது மந்தமானது. ஜனவரியில் அந்த நேரத்தில் கான்கிரீட்டை அதிரவைக்கும் மேசை ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னார். இரண்டாமவரும் மேசையைச் சொன்னார். மேசை ஓடியது உண்மை. ஆனால் வாக்கிடாக்கி கழுத்துக்கு ஒரு சாண் கீழே தொங்குகிறது. தூய்சென் மட்டும் மேசையைச் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. புதுவீட்டுக் கடன், இரண்டாவது குழந்தை. தினமும் பத்து மணிக்குப் பை வழக்கம்போல இறங்கியது. பவுர்சாக்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், மேலே பார்த்துத் தலையாட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

செய்த்கலியைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பகை வைத்துக்கொள்கிற ஆள் அல்ல. குதிரைப் பந்தயம் என்றால் உயிர். ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரை மூச்சு விடாமல் சொல்வார். யார் வீட்டுக் கல்யாணத்திலும் முதல் வாழ்த்து அவருடையது, கடைசிப் பாட்டும் அவருடையது. வாயிலிருந்து போன சொல் காற்றில் போய்விடும் என்று உண்மையாகவே நம்பினார். ஆனால் முறையீடு அவருக்குப் பிடிக்கவில்லை. உணவகத்தில் தாமெலியின் தட்டருகே நின்று, அடுத்த மருத்துவச் சோதனை கடுமையாக இருக்கும் போலிருக்கிறது, இந்த வயதில் உயரத்தில் எதற்குக் கஷ்டம், கீழே அச்சுக்கு எண்ணெய் பூசுகிற வேலை சுலபம்தானே என்று கரிசனமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை தாமெலி வெங்காயத்தாள் பாட்டிலை வீட்டுக்கு எடுத்து வந்ததாக ஓராஸ் சொன்னார். மறுநாள் காலை திரும்பவும் மேலே கொண்டுபோனார்.

மார்ச்சில் வசந்தப் புத்தாண்டான நவுரிஸ் வந்தது. குளிர்காலத்துப் பகையை அதற்குள் முடித்துவிட வேண்டும், பகையோடு கஞ்சி குடிக்கக் கூடாது என்பது வழக்கம். ஆலை உணவகத்தில் மேசைகளை ஒட்டிப் போட்டு, ஏழு பொருள் சேர்த்த நவுரிஸ் கஞ்சியைப் பெரிய அண்டாவில் வைத்திருந்தார்கள். இயக்குநரும் வந்திருந்தார். செய்த்கலி எழுந்தார், வாழ்த்தினார், ஒரு கவிதை சொன்னார். பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கருநீல வெல்வெட்டில் ஒரு சபான், நீண்ட கை வைத்த மேலங்கி. விளிம்பெல்லாம் தங்க நூலில் ஆட்டுக்கடாக் கொம்புப் பூவேலை. நேராக நடந்து வந்து தாமெலியின் தோளில் போர்த்தினார். உணவகம் கை தட்டியது. பெண்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் கை தட்டவில்லை. இந்த நாட்டில் எத்தனை வாய்களை வெல்வெட்டால் மூடியிருக்கிறோம். ஒருவனை மிதிப்பது, பிறகு தோளில் துணியைப் போர்த்துவது, மிதிபட்டவன் கைகூப்புவது, இதற்குப் பெருந்தன்மை என்று பெயர். அந்தத் துணியைக் கஞ்சி அண்டாவில் போட்டுவிட வேண்டும் என்று நான் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

தாமெலி தலையை நிமிர்த்தினார். செய்த்கலியை ஹெல்மெட் இல்லாமல், கண்ணுக்கு நேராகப் பார்ப்பது அவருக்கு அபூர்வம். ஆளைச் சரிபார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கடையில் விலை கேட்கிற குரலில் கேட்டார்.

"செய்த்கலி தம்பி, இது நவுரிஸ் பரிசா? அபராதச் சபானா?"

குற்றம் செய்தவன் குதிரையும் சபானும் கொடுத்துச் சமாதானம் ஆவது பழைய வழக்கம். பரிசு என்றால் பெண்கள் எல்லாருக்கும் அன்று பரிசு உண்டு, ஆளுக்கு ஒரு கைக்குட்டை. இவ்வளவு விலையுள்ள சபானை இத்தனை பேர் முன்னால், கவிதை சொல்லிப் போர்த்திவிட்டு, வெறும் பரிசு என்று சொன்னால் சப்பென்று போய்விடும். ஏழு தலைமுறை சொல்கிற ஆளுக்கு அது முடியாது. செய்த்கலி நெஞ்சில் கை வைத்தார்.

"அபராதந்தான் அக்கா. நம்ம முன்னோர் வழி. குதிரையும் குடுத்திருப்பேன், உங்க கிரேன் கூண்டுல கட்ட எடம் இல்லையேன்னு விட்டுட்டேன்."

உணவகம் விழுந்து விழுந்து சிரித்தது. தாமெலியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சபானைத் தோளிலிருந்து எடுத்து, பூவேலை கசங்காமல் நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"போட்டுக்கக்கா, அழகா இருக்கு" என்று யாரோ ஒரு பெண் சொன்னார்.

"போட்டுக்குவேன். பாரம் இன்னும் ஆடுது." கஞ்சியை எடுத்து நிதானமாகக் குடித்தார்.

விஷயம் முடிந்தது என்று ஆலை நினைத்தது. முறையீட்டைத் திரும்பப் பெறாதது கண்டு செய்த்கலியே முதலில் திகைத்தார், பிறகு புண்பட்டார். சபான் வாங்கிக்கொண்டு வழக்கா என்று நாலு பேரிடம் கேட்டார். நாலு பேரும் அவர் பக்கம் தலையாட்டினார்கள். நானோ வேறு கட்சி. அவர் வீட்டு மாடிப்படியில் தாமெலியைப் பிடித்து, இந்தக் குழுவில் ஒன்றும் நடக்காது, நிர்வாகத்தின் வீட்டு நாய் அது, நேராக நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். "லேப்ல கட்டிய ஒடைக்கறதுக்கு முன்னாடி எத்தனை நாள் வெப்பீங்க?" என்று கேட்டார். இருபத்தெட்டு நாள் என்றேன். "அதுக்கு முன்னாடி ஒடச்சா?" முழு பலம் தெரியாது என்றேன். "அப்ப இருங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருகிக்கொண்டு உள்ளே போனார்.

குழு ஏப்ரலில் கூடியது. உணவகத்தில் நடந்ததைச் சொல்ல என்னையும் தூய்செனையும் வேறு சிலரையும் லாரிஸா அழைத்திருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெளியில் பனி உருகிக்கொண்டிருந்தும் ஆலையின் வெந்நீர்க் குழாய்களை யாரும் நிறுத்தவில்லை, அறை அடுப்பாகக் கொதித்தது. கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. யார் காதிலும் அன்று மந்தம் இல்லை.

அப்படி ஒரு சொல்லை நான் சொல்லவே இல்லை என்றார் செய்த்கலி. "சீக்கிரம் தூக்குங்கன்னு சத்தம் போட்டிருப்பேன். லாரி நிக்குதுல்ல. மத்தபடி எனக்கு அக்கா மாதிரி அவங்க."

லாரிஸா தூய்செனை உள்ளே கூப்பிட்டார். ஜனவரியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நவுரிஸ் அன்று உணவகத்தில் செய்த்கலி என்ன செய்தார் என்று மட்டும் கேட்டார்.

தூய்செனுக்கு முகம் தெளிந்துவிட்டது. மேலதிகாரியைப் புகழ வேண்டிய கேள்வி அல்லவா. "அபராதச் சபான் போட்டாரு. இயக்குநர் இருந்தாரு, எல்லாரும் இருந்தாங்க. பெருந்தன்மையா போட்டாரு. தங்க நூல் வேலை. வேற ஒரு ஆள் செய்ய மாட்டாங்க."

"அபராதம்னு யார் சொன்னது?"

"அவரேதான் சொன்னாரு. நெஞ்சுல கை வெச்சுச் சொன்னாரு."

"எதுக்கு அபராதம்?"

"ரேடியோவுல சொன்னதுக்கு" என்றார் தூய்சென்.

தூய்சென் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று பார்த்தார். திரும்பிப் போகவும் வழி இருந்தது, சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லலாம். அவர் கை சட்டைப்பைக்குள் போயிற்று. பிறகு சன்னமான குரலில், ஆனால் தடுமாறாமல், அந்தச் சொல்லை அப்படியே சொன்னார். பெற்று வளர்த்ததைப் பற்றிய வாக்கியத்தையும் சொன்னார். வடத்தில் முள் நின்றது உண்மை, பார்க்காமல் மாட்டியது தன் தவறு, அக்கா தூக்கியிருந்தால் தான்தான் அடியில் நின்றிருப்பேன் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு அடுத்தடுத்து உள்ளே போனவர்களுக்கும் அதிர்வு மேசை நின்றுபோனது.

தாமெலி கைப்பையிலிருந்து சபானை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்புக் கலையவில்லை. நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்திருந்த கணக்குப் பிரிவுத் தலைவி, ஐந்து மருமகள்களை ஆளுகிற பெண்மணி, அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "ஏன்ப்பா செய்த்கலி, தப்பு பண்ணாதவன் அபராதச் சபான் போட்டு நான் எங்கயும் கேள்விப்படலியே. நீதான் முன்னோர் வழியெல்லாம் தெரிஞ்ச ஆளு. நீயே சொல்லு."

செய்த்கலி சபானைப் பார்த்தார். சட்டத்திடம் பொய் சொல்லலாம், அது எங்கோ தலைநகரத்தில் இருக்கிறது. வழக்கத்திடம் சொல்ல முடியவில்லை. சபான் வெறும் விளையாட்டு என்று சொன்னால் ஏழு பாட்டன்மாரும் எழுந்து வந்துவிடுவார்கள். அந்த அறையில் அவரை நெருக்கியது எந்தப் பிரிவும் உட்பிரிவும் அல்ல, அவரே வாங்கி வந்த துணி. நான் பகுத்தறிவாளன், வழக்கங்களோடு எனக்கு நல்ல உறவு கிடையாது. அன்று ஒன்றுக்கு மட்டும் மனத்துக்குள் வணக்கம் சொன்னேன். நிபுணர் எழுதத் தயங்கக்கூடியதை அது எழுதிவிட்டது.

தூக்க மறுத்தது சரி என்று குழு முடிவு செய்தது. செய்த்கலிக்கு எழுத்தில் எச்சரிக்கை. அவர் அதே வாக்கிடாக்கியில், அதே ஷிஃப்ட் வேலை தொடங்கும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும். தாமெலி கிரேனிலேயே தொடர்வார். நீதிமன்றக் கதவு இன்னும் மூடவில்லை என்று படியில் இறங்கும்போது லாரிஸா நினைவூட்டினார். "தொறந்தே இருக்கட்டும், காத்து வரும்" என்றார் தாமெலி. அவருக்கு லாரிஸா இரண்டு பை பவுர்சாக் கடன்பட்டிருப்பதுபோல எப்படியோ பேச்சு முடிந்தது. உண்மையில் இலவச ஆலோசனைக்குக் கடன்பட்டவர் தாமெலி, பவுர்சாக் கொடுத்ததும் அவர்தான்.

மன்னிப்புக்குக் குழு குறித்த காலையில் நான் சோதனைக் கட்டிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு முற்றம் வழியாகப் போனேன். வேறு வழியாகவும் போகலாம், அது சேறு. முற்றத்திலும் சேறுதான். லாரி ஓட்டுநர்கள் கீழே இறங்கி நின்றிருந்தார்கள். தாமெலி கையுறையைக் கழற்றிப் புறங்கையால் படியைத் தொட்டார், ஏறினார். தோளில் வழக்கமான பையோடு இன்னொரு பொட்டலமும் இருந்தது. தூய்சென் முதல் பலகையின் வடத்தை மாட்டுமுன், தன் கையுறையைக் கழற்றி, அதை நுனியிலிருந்து நுனிவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

எல்லார் மார்பிலும் ஒரே நேரத்தில் கரகரத்தது. செய்த்கலி அலுவலகச் சன்னலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினார். முதல் முறை தொண்டையைச் செருமியது மட்டும் கேட்டது.

"தாமெலி அக்கா. ஜனவரியில இதே ரேடியோவுல உங்களை ஒரு வார்த்தை சொன்னேன். உங்களை மட்டும் இல்ல, யாரையும் சொல்லக் கூடாத வார்த்தை. அந்த வடம் தூக்குற நெலமையில இல்ல. நீங்க பாத்ததுதான் சரி." கரகரப்பு. "மன்னிச்சுக்கங்க."

யார் எது சொன்னாலும் ஒப்புதல் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒப்புதல் வரவில்லை. செய்த்கலி திரும்பிச் சன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு மேலே பார்த்தார். எல்லாருமே பார்த்தோம். அன்றைக்குத் தரையைப் பார்த்த ஹெல்மெட்டுகளில் ஒன்றுகூட இன்று குனியவில்லை. கூண்டுக்குள் ஏதோ அசைந்தது. தாமெலி எழுந்து நின்று, எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டைக்கு மேலே எதையோ மாட்டிக்கொண்டிருந்தார், இடம் போதாமல் முழங்கை கண்ணாடியில் இடித்தது. பிறகு உட்கார்ந்தார். தங்கக் கொம்புகள் பூத்த கருநீலக் கை ஒன்று நெம்புகோலை நோக்கி நீண்டது. சபானின் கை நீளமாக இருந்ததால் அதை ஒருமுறை மடித்துவிட்டுக்கொண்டார்.

மணி ஒருமுறை அடித்தது. பலகை தரையை விட்டு எழுந்தது.